ஆழம், அடிக்கணக்கில்

விவேக்நகரில் கோழிக்கடைக்கும் ரீசார்ஜ் கடைக்கும் நடுவே
ஒன்றரை ஆள் அகலத்தில் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்.
பாரம் ஒன்றுக்கு அறுபது ரூபாய்.
சர்வர் படுத்துவிட்டால் மறுநாள் வரலாம், காசு வாங்கமாட்டேன்.

பிலோமினா அக்கா அப்படி மறுநாள் வந்தவர்.
கோரமங்கலாவில் நான்கு வீடு முடித்து,
விரலில் பினாயில் வாசனையோடு.
தனித்து வாழும் பெண்களுக்கு மாநகராட்சி உதவித்தொகை.
அன்றைக்குத்தான் கடைசித் தேதி.

பெயர். வார்டு. ஆதார்.
கணவர் விட்டுச்சென்ற வருடம்.
"போனது அவன் இல்லப்பா, நான்" என்றார்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஒரு வருடத்தைப் போட்டு நகர்ந்தோம்.

ஐந்தாம் பக்கம்.
விண்ணப்பதாரரின் தற்போதைய நிலை.
கீழே இழுத்தால் கன்னடத்தில் நான்கு சொல்:
இயங்குகிறது
பழுது
வற்றிவிட்டது
கைவிடப்பட்டது

எனக்குத் தெரிந்த சொற்கள்.
ஆழ்துளைக் கிணற்றுப் பாரம் நூறாவது நிரப்பியிருப்பேன்.
அதை நகலெடுத்துத் தலைப்பை மாற்றியிருக்கிறான் எவனோ.
சனிக்கிழமை லீவுக்கு முந்தின சாயங்காலமாக இருக்கும்,
பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.
'கிணறு' இருக்கும் இடமெல்லாம் 'பெண்' என்று மாற்று.
ஒரே தட்டு.

என் பிழைப்பில் பாதி மொழிபெயர்ப்பு.
கன்னடத்தில் அதட்டுவதைத் தமிழில் கேட்பதாக்குவேன்.
இங்கிலீஷில் மிரட்டுவது
என் வாயில் "ஒண்ணுமில்லக்கா, ஒரு கையெழுத்து" ஆகிவிடும்.
அன்றைக்கும் அப்படித்தான்:
"உடம்பு எப்படி இருக்குன்னு கேக்குறாங்கக்கா."

"வத்திப்போச்சான்னு கேக்குறான்."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகம்.
ஏழாவது வரை கன்னட மீடியமாம்.
மூன்று வருடமாக அவருக்கு
எல்லாவற்றையும் நான் படித்துக் காட்டியிருக்கிறேன்.
அவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வரிசையில் ஹெல்மெட் கழற்றாத பையன் ஒருவன் சிரித்தான்,
பிறகு போனைப் பார்த்துச் சிரித்ததுபோல் குனிந்தான்.

"இயங்குதுன்னு போடு."
போட்டேன். சிவப்பு எழுத்து: தகுதி இல்லை.
"சரி, பழுது."
பழுதுபார்ப்புப் பிரிவை அணுகவும்.
"வத்திருச்சு?"
மூடியதற்கான சான்றிதழ் இணைக்கவும், புகைப்படத்துடன்.

மிச்சம் ஒன்று.
அம்பு அதன்மேல் நின்றது. என் விரல் அமுங்கவில்லை.
மணி நாலு ஐம்பது. ஐந்துக்குத் தளம் மூடிவிடும்.
அவர் என் கையை நகர்த்தினார்,
பாத்திரத்தடியில் மாட்டிய துணியை எடுப்பதுபோல்.
அமுக்கினார்.

அடுத்த கட்டம் திறந்தது:
ஆழம், அடிக்கணக்கில். கட்டாயம்.

நான் விசைப்பலகையைத் துடைத்தேன்.
சுத்தமாகத்தான் இருந்தது.

"ஆயிரத்து இருநூறு போடு" என்றார்.
"எங்க ஏரியாவுல அதுக்குக் கீழதான் தண்ணி."

எண் மட்டும்தான் ஏற்கும் கட்டம். ஏற்றது.
ரசீது வந்தது. அறுபதை எண்ணி வைத்தார்,
வேண்டாம் என்றதும் முறைத்தார்.

ஒன்பது நாள் கழித்து வேறொருவருக்காக அதே பாரம்.
ஐந்தாம் பக்கமே இல்லை,
நான்குக்குப் பிறகு ஆறு.
யாரோ எங்கேயோ கத்தியிருக்க வேண்டும்.
வருந்துகிறோம் என்று ஒரு வரி தேடினேன்,
கடைசிவரை உருட்டியும் அகப்படவில்லை.

அன்று மாலையே குறுஞ்செய்தி. என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம்.
செவ்வாய் காலை பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள்
ஆய்வாளர் அளக்க வருவார்.
மூடியைத் திறந்து வைக்கவும்.

இந்த முறை நான் வாய் திறக்கவில்லை.
போனை அப்படியே நீட்டினேன்.
இரண்டு தடவை படித்தார்,
இரண்டாவது தடவை உதடு அசைய.

"வரட்டும்" என்றார்.
அப்புறம், கதவருகே திரும்பி,
"செவ்வாக்கிழமை எந்த வீட்டுக்கு லீவு சொல்றதுன்னுதான் தெரியல."